மேல்மண்ணைப் பிடித்து நிறுத்தும் வழிகள்

தாம்பரத்தில் 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த பெருமழையின் அளவு சுமார் 49 சென்டிமீட்டர். அத்தகைய மழையில் வெறும் தரையாகக் கிடக்கும் நிலம் முதலில் இழப்பது மேல்மண்ணைத்தான். மழைத்துளி விழும் வேகத்தில் மண்கட்டி உடைகிறது. நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்கின்றன. உள்ளே இறங்க வழியில்லாத நீர் மண்ணையும் சேர்த்து அடித்துச் செல்கிறது. மழைக்காலத்தில் அருகிலுள்ள அடையாறு ஆறு கலங்கி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நிலத்தை மூடிவிடுவதே சிறந்த தற்காப்பு. தாம்பரத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் எஞ்சியிருக்கும் வயல்களுக்கும் இது பொருந்தும். சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்கள் துளியின் அடியைத் தாங்குகின்றன. மடக்கி உழுதால் மண்ணுக்கு உரமாகின்றன. காய்கறிப் பாத்திகளில் வைக்கோல் மூடாக்கு போதும். சரிவான நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழுவதும், சம உயர வரப்பு போடுவதும் நீரின் ஓட்டத்தைத் தணிக்கும். வரப்போரம் நெருக்கமாக நட்ட வெட்டிவேரின் வேர்கள் நேராகக் கீழிறங்கி மண்ணை இறுகப் பிடிக்கும். அதன் தூர்கள் வேலிபோல் நின்று வண்டலைத் தடுக்கும்.

தப்பி ஓடும் மண் ஏரிகளில் படிகிறது. செங்கல்பட்டு வட்டாரத்தின் பழைய ஏரிப்பாசனத்தில், கோடையில் அந்த வண்டலை அள்ளி மீண்டும் வயலில் பரப்புவார்கள். ஏரியும் ஆழமாகும், நிலமும் வளம் பெறும். வயல் மனையாகிவிட்ட இடங்களில் இந்தச் சுழற்சி அறுந்துபோனது பெரிய இழப்பு.