கால் பின்வாங்கும் இடம்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன்பின் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் போன்ற ஊர்களில் மக்கள் கடலைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆபத்து நீங்கி ஆண்டுகள் கடந்தும் பயம் ஒருவரின் தொழிலையும் நடமாட்டத்தையும் கட்டிப்போட்டால், அதற்குச் சிகிச்சை தேவை.

விலக விலக வளரும் பயம்

தண்ணீருக்கு அஞ்சும் ஒருவர், உறவினரோடு பிச்சாவரம் படகுச் சவாரிக்கு வந்து, படகுத்துறையிலேயே நின்று, "நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். உடனே படபடப்பு அடங்குகிறது. இந்த நிம்மதிதான் சிக்கல். 'ஏறாததால் தப்பித்தோம்' என்று மனம் பதிந்துகொள்கிறது. அடுத்த முறை படகுத்துறைக்கே வரமாட்டார். பிறகு ஆற்றுப்பாலத்தைக் கடக்கவும் தயங்கலாம். பத்திரமாகப் போய்த் திரும்பலாம் என்று அறியும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை.

ஹெட்செட்டுக்குள் ஒரு மாடி

"எவ்வளவு பயம்?" என்று கேட்டால் வாய் ஒன்று சொல்லும், கால் வேறொன்று செய்யும். கணினிக் காட்சியைக் கண்முன் காட்டும் மெய்நிகர் ஹெட்செட் ஆய்வாளர்களுக்கு உதவுவது இங்கேதான். கணினி காட்டும் மாடி விளிம்பை நோக்கி, உயரத்துக்கு அஞ்சும் ஒருவர் எத்தனை அடி வைத்தார், எங்கே நின்றார், தலையை எப்போது திருப்பினார், இதயம் எப்படித் துடித்தது என எல்லாவற்றையும் அளக்கலாம். விழுந்துவிடும் ஆபத்தும் இல்லை.

அதே ஹெட்செட் சிகிச்சைக்கும் உதவும். மெய்நிகர் உயரங்களைப் படிப்படியாக நெருங்கும் பயிற்சி, உயரத்துக்கு அஞ்சிய மாணவர்களுக்குப் பலன் தந்ததை அமெரிக்காவின் பார்பரா ராத்பாம் குழு 1995-இல் வெளியிட்டது. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு 100 பேரிடம் ஆய்வு செய்தது. பயிற்சி பெற்றவர்கள் மெய்நிகர்க் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறினார்கள். மரத்தில் சிக்கிய பூனையைக்கூட மீட்டார்கள். அவர்களின் பயம் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

கருவி இல்லாத ஊரில்

குணமாக்குவது படிப்படியாக நெருங்கும் முறைதான் என்பேன். ஹெட்செட் அதற்கு ஒரு வசதி. முதலில் படகுத்துறையில் நிற்பது, பிறகு கட்டிய படகில் உட்காருவது, அப்புறம் சிறிது தூரம் துடுப்புப் படகில் போவது என்று மனநல ஆலோசகர் திட்டமிட்டுத் தரலாம். ஒவ்வொரு படியிலும் படபடப்பு தணியும்வரை இருக்க வேண்டும். விளையாட்டுக்காகக்கூட யாரையும் தண்ணீருக்குள் தள்ளாதீர்கள். பயம் இன்னும் கெட்டிப்படும்.

ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவர்கள் இதைத் தாங்களாகச் செய்துபார்க்கக் கூடாது. மருத்துவரின் துணை கட்டாயம் வேண்டும். ஹெட்செட் சிலருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் தரும். வலிப்பு நோயுள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.