நாடாவும் வீடும்: சுப்பர்மான் சித்திரப்படச் சேகரிப்பும் ஊவாத் தோட்டப்புறமும்

சேகரித்தல் தனிமனிதரின் பொழுதுபோக்கு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் எப்பொருள், எவரால் சேகரிக்கப்படுகிறது, எங்கே வைத்துப் பேணப்படுகிறது என்று வினவும்போது அது சமூகவியற் பிரச்சினையாகிவிடுகிறது. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்ததைப் பண்பாட்டுப் பணியாகப் போற்றும் நாம், பழைய வீடியோ நாடா தேடுவோரைக் கண்டு நகைப்பது பொருந்தாது. பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் முறை இருசாராருக்கும் ஒன்றே. மேனாட்டில் நெடுங்காலமாகச் சேகரிக்கப்பட்டுவரும் சுப்பர்மான் சித்திரப்படத் தொடரை முதலில் நோக்கி, அச்சேகரிப்பு முறை பதுளைப் பகுதித் தோட்டங்களில் எஞ்சியுள்ள நாடாக்களுக்கு எவ்வாறு பயன்படலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

1941 செப்டெம்பர் தொடக்கம் 1943 வரை பரமவுண்ட் நிறுவனம் இத்தொடரில் 17 குறும்படங்களை வெளியிட்டது. முதல் ஒன்பதையும் பிளைஷர் சகோதரரின் கலையகமும், ஏனைய எட்டையும் அதன் வழிவந்த பேமஸ் கலையகமும் தயாரித்தன. முதற்படத்தின் செலவு ஏறத்தாழ 50,000 டொலர். சேகரிப்பாளர் இப்படங்களின் நிழலையும் ஒளியையும் வியந்து பேசுவர். அவற்றை வரைந்த கைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1937இல் நியூ யோர்க்கிலே பிளைஷர் கலையகத் தொழிலாளர் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மறு ஆண்டிலேயே கலையகம் மயாமிக்கு இடம்பெயர்ந்தது. தொழிற்சங்கத்தின் பிடியிலிருந்து விலகுவதும் அதற்கு ஒரு காரணமாகும். எளியோரைக் காக்கும் அதிமனிதன் இச்சூழலிலேயே அங்கு அசைவு பெற்றான். ஏறத்தாழ அதே காலத்தில், 1940இல், பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த சபையொன்றை அமைத்துத் துரையை அதனோடு கலந்தாலோசிக்க வைத்தனர் என்பது எவ்வகையிலும் இதனோடு தொடர்புடைய நிகழ்ச்சியன்று. எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடைத்து.

இத்தொடரின் பதிப்புரிமை 28 ஆண்டுகள் நிறைவுற்றபோது புதுப்பிக்கப்படவில்லை. உடைமையாளர் இல்லாத பண்டமாயிற்று. வீடியோச் சந்தை பெருகிய 1980களில் எவரும் எவரிடமும் அனுமதி பெறாது இதனை நாடாவாக விற்க முடிந்தது. விளைவு, எண்ணற்ற மலிவுப் பதிப்புகள். நாடாவின் நீளத்தை மிச்சப்படுத்த மெதுவான வேகத்தில் பதிந்தமையால் உருவம் கலங்கியவை பல; தேய்ந்த தொலைக்காட்சிப் பிரதிகளிலிருந்து எடுத்தமையால் நிறம் மங்கி, தலைப்பு வெட்டுண்டவை வேறு பல. வார்னர் நிறுவனம் 2006இலும் 2009இலும் இறுவட்டாகவும், 2023இல் புளூ-ரே வட்டாகவும் மூலப்பிரதிகளிலிருந்து இவற்றை வெளியிட்டது. அப்போதும் சேகரிப்பாளர் தமது பழைய நாடாக்களை எறிந்துவிடவில்லை. இறுதியாக வந்த வெளியீட்டிலே படலத்தின் இயல்பான மணித்தன்மை கணினியாற் துடைக்கப்பட்டு, கோடுகளும் மழுங்கின என்பது அவர்தம் குறை. இது வெறும் மோகமன்று. திருத்திய பதிப்பே சிறந்த பதிப்பு என்ற எடுகோளை ஏட்டுச்சுவடி ஆராய்ச்சி எப்போதோ கைவிட்டுவிட்டது.

உள்ளடக்கமும் அவ்வாறே முழுமையாகப் பேணப்பட வேண்டியது. 'எலெக்ரிக் ஏர்த்குவேக்' (1942) என்னும் படத்திற் கெட்டவனாக வருபவன் ஓர் அமெரிக்கப் பூர்வகுடி விஞ்ஞானி. மன்ஹாட்டன் தன் மக்களின் நிலம், அதனைத் திருப்பித் தருக என்பதே அவன் கோரிக்கை. கோரிக்கைக்கு விடை கூறப்படுவதில்லை. அதிமனிதன் அவனைப் பிடித்து நகரைக் காக்கிறான். 'ஜப்போட்டியர்ஸ்' (1942) யுத்தகால இனவெறுப்பை அப்பட்டமாகவே காட்டும். நில உரிமை கேட்பவன் பைத்தியக்காரனாகச் சித்திரிக்கப்படுவதன் பொருளைத் தோட்டப்புறத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி நம் பிரதேசத்திற்கு வருவோம். 1977இன் திறந்த பொருளாதாரமும் மத்திய கிழக்குக்குச் சென்றோரின் உழைப்பும் தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் மலையகத்திற்குக் கொண்டுவந்தன. ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்திற்கு மொழிமாற்றிய சித்திரப்படங்களைத் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களத்திலேயே பார்த்தனர். மின்சாரம் எட்டாத லயங்களில் வாகன பற்றரியே துணை. வாடகைக்கு எடுத்த டெக்கில் ஓடியவை பெரும்பாலும் தமிழகத் திரைப்படங்களே. (லயத்துச் சிறுவருக்கு அதிமனிதன் கடல் கடந்து அமெரிக்காவிலிருந்து வரவேண்டியிருக்கவில்லை, எம்.ஜி.ஆர். ஏற்கெனவே இருந்தார்.) அமெரிக்க நாடா கிடைத்திருப்பினும் அது என்.ரி.எஸ்.சி. முறையில் அமைந்தது, இலங்கையின் பால் முறைக் கருவியில் ஒழுங்காக ஓடாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, 'வீட்டு வீடியோ' என்ற சொல் ஒரு வீட்டை முன்னிறுத்துகிறது. 10 அடிக்கு 12 அடி லயக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமன்று, வேலையோடு ஒட்டியது. அடுப்புப் புகையும் வடகீழ்ப் பருவமழையின் ஈரமும் நிறைந்த அவ்விடத்தில் காந்த நாடா நெடுநாள் நிலைப்பதில்லை, வெண்பூஞ்சணம் பற்றிவிடும். நகரத்தில் வீடும் அலுமாரியும் வைத்திருந்த தமிழர் பலரின் உடைமைகளோ 1983 யூலையில் பதுளை எரிந்தபோது அழிந்தன.

எனினும் நாடாக்கள் எஞ்சியுள்ளன. பதுளை, பசறைப் பகுதிகளில் நாம் பார்த்தவற்றுட் பல மேலெழுதப்பட்டவை. நாடாப் பெட்டியின் ஓரத்துச் சிறு தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேற் புதிதாகப் பதிய முடியாது. உடைந்த துளையின்மேல் ஒட்டுத்தாளை ஒட்டினால் மீண்டும் பதியலாம். அவ்வாறு கடையில் வாங்கிய சினிமா நாடாவின்மேல் ஒரு திருமணம், ஒரு சடங்கு, மாசி மாதத்துக் காமன் கூத்தின் ஒரு பகுதி ஏறியிருக்கிறது. மேனாட்டுச் சேகரிப்பாளருக்கு இது பழுதுற்ற பிரதி. நமக்கோ இதுவே மூலப்பிரதி, பெரும்பாலும் ஒரே பிரதி. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்தபோது பாடுவோர் உயிரோடிருந்தனர். நாடாவிலுள்ள கூத்தரிற் பலர் இன்றில்லை.

ஆகவே அதிமனிதனின் நாடாக்களைப் பேணுவோரிடமிருந்து கற்கவேண்டியது அவர்தம் கைமுறையையே. பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓட்டிப் பார்க்கலாகாது. நாடா கிழிவதோடு கருவியின் தலைப்பகுதியும் மாசுற்று அடுத்த நாடாவுக்கும் தொற்றும். படுக்கையாக அன்றி நிமிர்த்தி வைத்தல் வேண்டும். உறையிலுள்ள பெயர், திகதி, தோட்டப் பிரிவு ஆகியவற்றையும் அடியிற் கிடக்கும் பழைய தலைப்பையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். வீ.எச்.எஸ். கருவிகளின் உற்பத்தி 2016இலே நின்றுவிட்டது. பதுளையிற் பழைய டெக்குகளைத் திருத்தத் தெரிந்தோர் இப்போது மிகச் சிலரே.