லட்சுமி விலாஸ்னா ஓட்டல் இல்லீங்க!

பேரை மட்டும் கேட்டால், "ரெண்டு இட்லி, ஒரு காபி" என்று ஆர்டர் கொடுக்கத் தோன்றும். ஆனால் கரூர்க்காரர்களிடம் 'லட்சுமி விலாஸ்' என்றால் பாங்க்தான். 94 வருஷம் அந்தப் பேர் நின்றது.

1926 நவம்பர் 3-ந் தேதி, வி.எஸ்.என். ராமலிங்க செட்டியார் தலைமையில் கரூர் வியாபாரிகள் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். இத்தனைக்கும் அதே ஊரில் 1916-லேயே கரூர் வைஸ்யா பாங்க் வந்தாச்சு. அந்தச் சின்ன ஊருக்கு ரெண்டாவது பாங்க் எதற்கு என்கிறீர்களா? ஜவுளி, தானியம் என்று ஏவாரம் நடக்கிற ஊர் சார். வெள்ளைக்கார பாங்க்கில் போய்க் கடன் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பான். இங்கே அப்பா யார், கடை எந்தத் தெரு என்பது கவுன்ட்டரில் இருப்பவருக்கே தெரியும்.

1958-ல் ஷெட்யூல்டு பாங்க் அந்தஸ்து கிடைத்தது. 1960-ல் கேரளாவில் பாலை சென்ட்ரல் பாங்க் முழுகிய பிறகு, குட்டி பாங்க்குகளைப் பெரியவற்றோடு சேர்க்கும் வேலை நாடெங்கும் நடந்தது. 1961-லிருந்து 1965-க்குள் நம்ம கரூர் பாங்க் ஒன்பது பாங்க்குகளைச் சேர்த்துக்கொண்டது. 1969-ல் இந்திரா காந்தி 14 பாங்க்குகளை அரசுடைமை ஆக்கியபோது, 50 கோடி டெபாசிட் இருந்தால்தான் லிஸ்ட்டில் இடம். நம்மாளு சின்னப் பையன், தப்பித்தான்!

அந்தக் காலத்துக் கிளையின் ராஜா, லெட்ஜர்தான். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். செக்கைக் கொடுத்துப் பித்தளை டோக்கன் வாங்கி, நம்பரைக் கூப்பிடும்வரை பெஞ்சில் தவம் கிடக்க வேண்டும். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும்வரை, மூக்குத்தியைக் கொண்டு வந்த அம்மாவுக்கு மூச்சே வராது. 1988 வரை பாங்க்குகளுக்கு டிசம்பர் 31-லேயே கணக்கு முடியும் என்பதால், ஊரே 'ஹேப்பி நியூ இயர்' கொண்டாடும் ராத்திரியில் கிளார்க்குகள் வட்டி போட்டுக்கொண்டிருப்பார்கள். பத்து பைசா இடித்தால் போச்சு, விடிய விடியத் தேடல்! (பி.காம். படித்தவனுக்குத்தான் அந்தப் பத்து பைசாவின் அருமை புரியும்.)

இப்படிப் பைசா பார்த்த பாங்க்கா கோடிகளைக் கோட்டை விட்டது?

சின்ன வியாபாரியை விட்டுவிட்டுப் பெரிய கம்பெனிகள் பின்னால் போனதுதான் வினை என்பது என் கட்சி. தொடர்ந்து மூன்று வருஷம் நஷ்டம். 2020 மார்ச்சில் கொடுத்த கடனில் நூற்றுக்கு 25 ரூபாய் வாராக் கடன். முன்னதாக 2019-ல் இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸோடு இணைய முயற்சி நடந்தது, ரிசர்வ் பாங்க் ஒப்பவில்லை. 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு, தலைமை அதிகாரி உட்பட ஏழு டைரக்டர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நவம்பர் 17. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். சாயந்திரம் ஆறு மணியிலிருந்து தடை. ஒருத்தர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. வைத்தியம், படிப்பு, கல்யாணம் என்றால் மட்டும் அனுமதி வாங்கி 5 லட்சம் வரை. சுமார் 20,000 கோடி டெபாசிட் அப்படியே நின்றது. கடன் கொடுத்த மகாராஜன்கள் எங்கேயோ இருக்க, மறுநாள் காலை மாஸ்க்கோடு கவுன்ட்டரில் உட்கார்ந்தது கிளார்க்தான். எதிரே நிற்பவர் வருஷக்கணக்காகத் தெரிந்தவர். "எம் பணம் வருமாப்பா?" என்றால் என்ன சொல்வார்? அவருடைய சம்பளமே அதே பாங்க்கில்தானே கிடக்கிறது!

பத்தே நாள். நவம்பர் 27-ல் சிங்கப்பூரின் டி.பி.எஸ். பாங்க்கோடு இணைத்தாயிற்று. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா சேதமில்லை. ஊழியர்களுக்கும் அதே வேலை, அதே சம்பளம் என்று இணைப்புத் திட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அடி விழுந்தது பங்குதாரர்களுக்கு. 'தாத்தா வாங்கினது, விக்காதே' என்று பெட்டியில் வைத்திருந்தவர் உட்பட எல்லோருக்கும் மதிப்பு பூஜ்யம். கோர்ட் வாசலையும் மிதித்துப் பார்த்தார்கள்.

போர்டுகள் மாறின. பழைய செக் புக், ஐ.எஃப்.எஸ்.சி. கோடில் மட்டும் 'எல்.ஏ.வி.பி.' என்ற நாலு எழுத்து கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 28-க்குப் பிறகு அதுவும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.