பெரிய போன்: முதல் வாரப் பேச்சை எப்படிப் படிப்பது?

பெரிய திரை உள்ள புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினவர் முதல் வாரத்துல சொல்றதை எவ்வளவு தூரம் நம்பலாம்? தேனி, போடி, கம்பம் பக்கம் அப்படி மாறின தெரிஞ்சவங்க சிலரிடம் கேட்டு எழுதி வச்சிருக்கேன். ஒரே மாடலைப் பத்தி ஒருத்தர், "ரெண்டு நாள் சார்ஜ் நிக்குதுண்ணே" என்கிறார். இன்னொருத்தர், "சாயங்காலம் அஞ்சு மணிக்கே படுத்துருது" என்கிறார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேச்சில் எது போனைப் பத்தினது, எது ஊரைப் பத்தினது, எது வெறும் முதல் வாரத்தைப் பத்தினது என்று பிரிச்சுப் பார்க்கிறதுதான் இந்தக் குறிப்பு. தவணையில் வாங்குற போன்தான் பல வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். தப்பாத் தேர்ந்தெடுத்தா, தவணை முடியற வரைக்கும் அதோடதான் மல்லுக்கட்டணும்.

கை சொல்றது

முதல் வாரத்துல எல்லாரும் சொல்றது ஒண்ணு: "கைக்கு அடங்கல." இதை நம்பலாம். ஏன்னா உள்ளங்கை முதல் நாளே சரியா அளந்துடும். ஆனா அது அளக்கிறது கடைக்காரர் சொல்ற அங்குலத்தை இல்லை, போனோட அகலத்தை.

2011-ல் வந்த முதல் சாம்சங் கேலக்ஸி நோட்டை எடுத்துக்குவோம். 5.3 அங்குலத் திரை. அன்னைக்கு அதை "இது போனா, பலகையா"ன்னு சிரிச்சவங்க உண்டு. 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவுக்கு 6.8 அங்குலம். கேட்டா ரொம்பப் பெருசாத் தோணும். ஆனா பழைய நோட்டின் அகலம் சுமார் 83 மில்லிமீட்டர், அல்ட்ராவின் அகலம் 79 மில்லிமீட்டர்தான். அங்குலம் கூடியிருக்கு, அகலம் குறைஞ்சிருக்கு. திரையைச் சுத்தி இருந்த விளிம்பு மெலிஞ்சதும், போன் நீளவாக்கில் வளர்ந்ததும்தான் காரணம். கூடினது எடை: அது 178 கிராம், இது 232 கிராம். வேட்டி கட்டி சட்டைப் பையில் போன் வைக்கிறவர் குனிஞ்சா விழுறது இந்த நீளத்தாலும் எடையாலும்தான்.

அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு, அதனாலதான் இந்தக் குழப்பம். 2016-ல் இந்தியாவில் விற்ற ஷாவ்மி மி மேக்ஸ் 6.44 அங்குலம். பரப்பளவு கணக்குப் போட்டா சுமார் 17.7 சதுர அங்குலம் வருது. 6.8 அங்குல அல்ட்ராவுக்கு 17.6 சொச்சம். எண் சின்னது, திரை ஏறக்குறைய அதே அளவு. அதனால கடையில் அங்குலத்தைக் கேட்காதீங்க, அகலத்தையும் எடையையும் கேளுங்க.

கண் சொல்றது

அந்த அகலம்தான் கண்ணுக்கு லாபம். நாற்பது வயசைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவங்க பெரிய போனை விட மாட்டேங்கிறதுக்குக் காரணம் இதுதான். தமிழ்ல எழுத்துகளும் அகலம், சொற்களும் நீளம். சின்னத் திரையில் எழுத்தைப் பெருசாக்கினா ஒரு வரிக்கு ரெண்டு மூணு சொல்தான் நிக்கும். பட்டன் மேல இருக்கிற தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்பட்டு மூணு புள்ளியா முடிஞ்சிடும். அகலமான திரையில் இந்தத் தொல்லை குறையுது. கை கெடுதல்னு சொல்ற அதே அளவை கண் நல்லதுன்னு சொல்லுது. அம்மாவுக்கு வாங்குற போனை மகன் தன் கையில் வச்சுப் பார்த்து முடிவு பண்றது அதனால சரி வராது.

மலை சொல்றது

இப்ப அந்தப் பேட்டரிச் சண்டைக்கு வருவோம். ரெண்டு நாள் நிக்குதுன்னு சொன்னவர் தேனி டவுனில் கடை வச்சிருக்கார். அஞ்சு மணிக்கே படுத்துருதுன்னு சொன்னவர் தினமும் ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போறவர்.

டவர் பக்கத்தில் இருந்தா போன் மெதுவாப் பேசினாப் போதும். டவர் தூரத்திலோ மலைக்கு அந்தப் பக்கமோ இருந்தா, தன் குரல் எட்டணும்னு போன் அலைபரப்பும் சக்தியைக் கூட்டிக்கிட்டே போகும். சிக்னலே இல்லாத பள்ளத்தில் திரும்பத் திரும்பத் தேடும். மலை விளிம்பில் கீழே பள்ளத்தாக்கு டவரும் மேலே கேரள டவரும் மாறி மாறிக் கிடைக்க, ஒண்ணை விட்டு ஒண்ணுக்குத் தாவும். இதெல்லாம் பையில் சும்மா கிடக்கும்போதே நடக்கிற செலவு. பேட்டரி எவ்வளவு பெருசா இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சிக்னல் இல்லைன்னு தெரிஞ்ச இடத்தில் ஏரோபிளேன் மோடு போட்டு வச்சா சார்ஜ் மிச்சம். ஆனா அவசரத்துக்கு வீட்டிலிருந்து கூப்பிட்டா மணி அடிக்காது, அதையும் யோசிச்சுக்கணும்.

வெயிலும் இப்படித்தான். கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலுக்குள்ள நல்லாத் தெரியற திரை, நடவு வயல் வரப்பில் நின்னா மங்கிப் போகுது. விளம்பரத்தில் வர்ற உச்ச வெளிச்சம் பல போன்களில் தானியங்கி வெளிச்சத்தை வச்சிருந்தாத்தான் கிடைக்கும். அதுவும் போன் சூடானா தானே குறைஞ்சிடும். கடைக்குள்ள டியூப்லைட்டில் பார்த்துச் சொல்ற அபிப்பிராயம் வரப்புக்குப் பொருந்தாது.

முதல் வாரத்துக்கே உரியது

"சூடாகுது, சார்ஜ் இறங்குது" என்ற புகார் மூணாம் நாளில் வந்தா உடனே பயப்பட வேண்டாம். பழைய வாட்ஸ்அப் உரையாடல் இறங்கறது, ஆப் எல்லாம் புதுப்பிக்கிறது, ஆயிரக்கணக்கான படங்களைப் போன் தரம் பிரிக்கிறது எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். போதாததுக்கு புதுசுன்னு வீட்டில் ஆளாளுக்கு எடுத்து நோண்டுறாங்க. 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், எந்த ஆப்பை நாம அதிகம் தொடுறோம்னு பார்த்து மத்ததை அடக்கி வைக்கிற வசதி இருக்கு. அது நம்ம பழக்கத்தைக் கத்துக்கவும் கொஞ்ச நாள் ஆகும். ரெண்டு வாரம் கழிச்சும் அதே சூடுன்னா அப்பத்தான் அது புகார். கடையில் மாத்தித் தர்றதுக்கு நாள் கெடு இருந்தா அதை மட்டும் முதல்லயே கேட்டு வச்சுக்கணும்.

வேகத்தைப் பத்தின புகழ்ச்சியும் அப்படித்தான். காலியா இருக்கிற போன் எதுவும் வேகமாத்தான் ஓடும். ஒரு வருஷம் குட் மார்னிங் படங்கள் நிறைஞ்ச பிறகு கேட்கணும்.

முதல் வாரத்தில் யாருமே சொல்லாதது கண்ணாடி மாத்துற செலவு. அவங்க போன் இன்னும் கீழே விழலை. பெரிய திரையை ஒரு கையில் பிடிச்சு, மேல் மூலையைத் தொடக் கட்டைவிரலை நீட்டும்போதுதான் நழுவும். அதனால வாங்குறதுக்கு முன்னாடியே திரை மாத்த எவ்வளவு, சர்வீஸ் சென்டர் தேனியிலேயே இருக்கா, மதுரைக்குப் போகணுமான்னு விசாரிச்சுடுங்க.

இனி யாராவது "போன் சூப்பர்"னோ "போன் வேஸ்ட்"னோ சொன்னா மூணு கேள்வி கேளுங்க: வாங்கி எத்தனை நாளாச்சு? பகல் முழுக்க எங்க இருக்கீங்க? வீட்டில் வேற யார் பார்க்கிறாங்க? அகலம், எடை, எழுத்து பத்தி அவர் சொல்றதை அன்னைக்கே எடுத்துக்கலாம். பேட்டரி, சூடு, வேகம் பத்தினதை ஒரு மாசம் கழிச்சு அவர்கிட்டயே திரும்பக் கேளுங்க. அவர் மலை ஏறுறவரா, நீங்க டவுன்காரரான்னும் பார்த்துக்குங்க.