பழைய மஹிந்திரா தார்: எந்த வருஷத்து வண்டியை எடுக்கலாம்?

செகண்ட் ஹேண்டில் ஒரு தார் வாங்கலாம்னு முடிவு பண்ணினதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “எந்த வருஷ மாடல் நல்லது?” என்பதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில், “கையில இருக்கிற காசுக்கு எவ்வளவு புதுசு கிடைக்குதோ அதை எடுங்க.” சாதாரண காருக்கு இந்தப் பதில் ஓரளவு சரி. தாருக்குச் சரிவராது.

2014 வண்டிக்கும் 2016 வண்டிக்கும் இரண்டு வயசுதான் வித்தியாசம். ஆனால் சேற்றில் ஒரு பின்சக்கரம் வெறுமனே சுழல ஆரம்பித்தால், 2016 வண்டி வெளியே வர வாய்ப்பு அதிகம். 2014 அங்கேயே நிற்கலாம். 2022-ஐ விட 2023 புதுசு. ஆனால் அந்த 2023 வண்டியில் 4×4 இல்லாமலே இருக்கலாம். அதனால் வண்டியின் வயசைப் பார்ப்பதை விட, எந்த வருஷம் வண்டியில் என்ன மாறியது என்று பார்ப்பதுதான் பயன். இந்தக் குறிப்பு மூன்று கதவு தாருக்கு மட்டும். 2024-ல் வந்த ஐந்து கதவு ராக்ஸ் தனிக்கதை.

முதலில், எந்த வருஷம்?

விற்பவர் சொல்லும் வருஷம் பெரும்பாலும் பதிவான வருஷம். நமக்கு வேண்டியது தயாரான மாதமும் வருஷமும். ஆர்சியில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். டிசம்பரில் தயாராகி பிப்ரவரியில் பதிவான வண்டி பேச்சில் ஒரு வருஷம் இளமையாகிவிடும். இதில் விலை மட்டும் இல்லை, இன்னொரு விஷயமும் இருக்கிறது. கீழே வருகிறேன்.

2010 முதல் 2015 நடுப்பகுதி வரை

தார் முதலில் வந்தது 2010-ல். இரண்டு டீசல் இன்ஜின்கள். 2.5 லிட்டர் சிஆர்டிஇ, 105 பிஎச்பி. இன்னொன்று பழைய டிஐ இன்ஜின், 63 பிஎச்பி; பெரும்பாலும் தோட்டம், எஸ்டேட் வேலைக்குப் போன வண்டிகள். விளம்பரத்தில் இரண்டுக்கும் “தார்” என்ற ஒரே பெயர்தான் இருக்கும். விலை ஆச்சரியமாகக் குறைவாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது இன்ஜின் எது, 4×4 இருக்கா என்பதை. டிஐ வகையில் 4×4 இல்லாததும் விற்றார்கள்.

இந்தக் காலத்து சிஆர்டிஇ உழைக்கிற வண்டிதான். குறை என்னவென்றால் பின் அச்சில் டிஃபரன்ஷியல் லாக் கிடையாது. சாதாரண டிஃபரன்ஷியல், பிடிப்பில்லாத சக்கரத்தைச் சும்மா சுழலவிடும். தரையில் நன்றாக ஊன்றியிருக்கும் சக்கரத்துக்கு வேண்டிய விசை போய்ச் சேராது. 4×4 போட்டிருந்தும் வண்டி நகராமல் நிற்பது இதனால்தான்.

2015 ஜூலை முதல் 2020 வரை

2015 ஜூலையில் வந்த மாற்றத்தைப் பலர் புது பம்பர், புது டேஷ்போர்டு என்று மட்டும் நினைக்கிறார்கள். பெரிய விஷயம், சிஆர்டிஇ-க்குப் பின் அச்சில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் வந்தது. இதற்குப் பட்டன் கிடையாது. ஒரு பின்சக்கரம் மற்றதை விட ரொம்ப வேகமாகச் சுழன்றால் தானாகவே பூட்டிக்கொள்ளும். இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளும்.

பழைய உருவத் தார்தான் வேணும், காட்டுப் பாதைக்குத்தான் வேணும் என்றால் இந்தக் காலத்து வண்டியைத் தேடுங்கள். ஆனால் ஒன்றைக் கண்ணைத் திறந்துகொண்டே ஏற்க வேண்டும். இதில் ஏர்பேக் கிடையாது. பின்னால் எதிரெதிரே பார்த்த பெஞ்ச் சீட். ஏபிஎஸ் வந்ததே 2019-ல்தான். 700 வண்டிகளோடு முடிந்த “தார் 700” பதிப்பிலும் ஏபிஎஸ் உண்டு. குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போகும் குடும்பத்துக்கு இது ஏற்ற வண்டி இல்லை.

2020 அக்டோபர் முதல்

2020 அக்டோபர் 2-ல் வந்தது பெயர் மட்டும் அதே, வண்டி வேறு. 150 பிஎச்பி டர்போ பெட்ரோல், 130 பிஎச்பி டீசல். பின்னால் லீஃப் ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங் வந்தது. இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ், முன்பக்கம் பார்த்த பின் சீட். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் 4 நட்சத்திரம். கம்பெனிக் கணக்கில் 650 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும்.

ஆனால் முதல் சில மாத டீசல் வண்டிகளில் ஒரு சிக்கல். 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரான 1,577 டீசல் தார்களை, கேம்ஷாஃப்டைச் சோதித்து மாற்றுவதற்காக மஹிந்திராவே திரும்ப அழைத்தது. ஆர்சியில் தயாரிப்பு மாதம் பாருங்கள் என்று சொன்னது இதற்குத்தான். “2021 மாடல்” என்று வரும் வண்டி இந்தத் தேதிக்குள் தயாரானதாக இருக்கலாம். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. சேஸிஸ் நம்பரை சர்வீஸ் சென்டரில் கொடுத்து, வேலை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடிந்திருந்தால் கவலை இல்லை.

டீசலா பெட்ரோலா என்பதும் இங்கே முக்கியம். பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறி கரியை எரிக்க வண்டி கொஞ்சம் நீண்ட தூரம் ஓடணும். தினமும் ஊருக்குள்ளேயே நாலு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது அடைத்துக்கொண்டு தொல்லை தரும். அவர்களுக்குப் பெட்ரோல் நல்லது. பெட்ரோல் எடுத்தால், ஈ20 தாங்கும் பாகங்களோடு வண்டி தயாரிக்கும் விதி 2023 ஏப்ரலில்தான் வந்தது என்பதை நினைவில் வைத்து, கையேட்டில் எந்த எரிபொருள் என்று படித்துப் பாருங்கள்.

2023: ஏமாறுவதற்கு வாய்ப்புள்ள வருஷம்

2023 ஜனவரியில் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள தார் வந்தது. 4 மீட்டருக்குள் நீளம், 1.5 லிட்டர் டீசல் என்பதால் வரி குறைவு, விலையும் குறைவு. பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் இந்த வகை உண்டு. ஊருக்குள் ஓட்ட நல்ல வண்டிதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் 4×4 மாதிரியே இருக்கும். கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கா பாருங்கள். இல்லையென்றால் 4×4 இல்லை.

அதே சமயத்தில் 4×4 வகைகளிலும் ஒரு மாற்றம். சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி, அடுத்த சக்கரத்துக்கு விசை அனுப்பும் மின்னணு முறை எல்லாவற்றுக்கும் வந்தது. மெக்கானிக்கல் லாக், எல்எக்ஸ் டீசலில் மட்டும், அதுவும் ஆப்ஷனாக. லாக் கட்டாயம் வேணும் என்பவர்கள் வேரியண்ட் பெயரை எழுத்தில் உறுதி செய்யணும்.

வருஷம் சொல்லாத விஷயங்கள்

நல்ல வருஷத்து வண்டியையும் மோசமாக ஓட்டியிருக்கலாம். கீழே படுத்து சேஸிஸைப் பாருங்கள். கடற்கரை மணலில் ஓட்டிய வண்டியில் உப்பு அரித்திருக்கும்; சென்னை, கடலூர்ப் பக்கத்து வண்டிகளில் இதை விடாமல் பார்க்கணும். டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கு. 4×4-ஐ மண் தரையில் போட்டுச் சோதியுங்கள். காய்ந்த தார் ரோட்டில் போட்டு வளைத்தால் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும்.

பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், பின்னால் மாட்டிய ஹார்ட் டாப் இதெல்லாம் ஆர்சியில் பதிவாகியிருக்கா கேளுங்கள். கம்பெனி அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. இன்சூரன்ஸ் கேட்கும்போது இதுவே தகராறாகும்.

டெல்லி வண்டி மலிவாக வருதேன்னு பாய வேண்டாம். பத்து வருஷ டீசல் கட்டுப்பாட்டால்தான் அந்த விலை. என்ஓசி, இங்கே ஆர்டிஓ பதிவு, ஆயுள் வரி எல்லாம் கூட்டிப் பாருங்கள். 2010, 2011 வண்டி என்றால் 15 வருஷப் பதிவு முடியும் நேரம். புதுப்பிக்க எஃப்சி வேணும், கட்டணமும் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏறிவிட்டது.

என் கணக்கு

வீட்டுக்கு ஒரே வண்டி, மலைக்கும் போகணும் என்றால் 2021, 2022-ல் தயாரான 4×4. ஆரம்ப மாதச் சிக்கலைத் தாண்டியவை, பின்சக்கர வகையோடு குழம்பவும் வாய்ப்பில்லை. வீட்டில் வேறு கார் இருக்கு, இது காட்டுப் பாதைக்கு மட்டும் என்றால் 2016 முதல் 2019 வரையான சிஆர்டிஇ. 2015-க்கு முந்தையதை, விலை நன்றாகக் குறைந்தால் மட்டும், லாக் இல்லை என்று தெரிந்தே எடுங்கள். இந்த இரண்டில் எந்த வகை ஆள் நீங்கள் என்று முடிவு பண்ணிவிட்டு விளம்பரங்களைத் திறங்கள். பாதி வண்டிகள் அப்போதே கழிந்துவிடும்.