கடைமடைக்குத் தண்ணீர் போகட்டும்

காலை வானொலி நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஜார்ஜ்டவுன் வீட்டுக்குத் திரும்பும்போது, அப்பா மீன்தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். முழங்கால் வலியால் அவர் வெளியே போவது குறைந்துவிட்டது. அவருக்காகத்தான் அந்தத் தொட்டியை வாங்கினேன். அடுக்குமாடி வீட்டில் இடம் குறைவு. அதனால் 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று உயரமான தொட்டியாகப் பார்த்தேன். சுமார் 140 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

நான்கு மாதத்தில் மேலே ஒரு தோட்டம், கீழே ஒரு தரிசு என்றாகிவிட்டது. மேலே பச்சைப் பசேல் என்று கொடிகள். கீழே கிரிப்டோகோரின் செடிகளின் இலைகள் மஞ்சளாகி அழுகின. நின்று பார்க்கும் எனக்குத் தோட்டம் தெரியும். நாற்காலியில் இருக்கும் அப்பாவின் கண்ணுக்கு நேராக இருந்ததோ அந்தத் தரிசு.

உரம் போதவில்லை என்று நினைத்துத் திரவ உரத்தை இரட்டிப்பாக்கினேன். கீழே எதுவும் மாறவில்லை. மேலே கண்ணாடியில் பாசிதான் படர்ந்தது.

"உரத்தை ஏம்மா கொட்டுற? கடைமடைக்குத் தண்ணியே போகலையே" என்றார் அப்பா. தஞ்சாவூரிலிருந்து வந்த தாத்தாவின் சொல் அது.

மீன் உணவைப் பொடித்துத் தூவிப் பார்த்தேன். மேல்பகுதியிலேயே சுற்றிய துகள்கள், கீழே வந்ததும் அசையாமல் படிந்தன. காரணம் எளிது. பில்டர் தண்ணீரை உறிஞ்சும் குழாயும் திருப்பி விடும் குழாயும் மேலே ஒரே மூலையில் இருந்தன. மேலே விட்ட தண்ணீரையே மேலே உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அசையாத தண்ணீரில் செடி பட்டினி கிடக்கும். கரியமிலவாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் இருப்பதைச் செடி உறிஞ்சியபின், புதிதாகக் கொண்டுவர நீரோட்டம் வேண்டும். நம் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. வெளிச்சத்தின் மேல் பழிபோட முடியாது. கிரிப்டோகோரின் நிழலிலும் வளரும். அதன் சில இனங்கள் நம் தீபகற்பத்து ஓடைகளில் இயற்கையாக வளர்பவை.

பில்டர் பெட்டியில் 'மணிக்கு 800 லிட்டர்' என்று போட்டிருந்தது. தொட்டியின் நீர்மட்டத்துக்கே வாளியை உயர்த்திப் பிடித்து அளந்தேன். 10 லிட்டர் நிரம்ப 80 விநாடி. அதாவது மணிக்கு 450 லிட்டர்தான். அழுக்கேறிய பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசியபின் 60 விநாடியில் நிரம்பியது. மணிக்கு 600 லிட்டர். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அதிலுள்ள குளோரின், பில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

அடுத்து, உறிஞ்சும் குழாயைத் தரைவரை நீட்டினேன். வெளிவிடும் குழாயை எதிர்க் கண்ணாடி நோக்கித் திருப்பினேன். நீர் அங்கே மோதி, கீழே இறங்கி, செடிகளுக்கு ஊடாகத் திரும்பி வந்தது. வழியை அடைத்த கொடிகளைக் கத்தரித்தேன். பின்பக்க மூலையில், அடியில் ஒரு சின்ன பம்ப் வைத்தேன். இலைகள் மெல்ல ஆடினால் போதும். மீன்கள் எதிர்நீச்சல் போடும்படி இருக்கக்கூடாது. திரவ உரத்தைப் பழைய அளவுக்கே குறைத்து, நீர் வெளிவரும் இடத்தில் ஊற்றினேன். கிரிப்டோகோரின் வேர்வழியாக நன்றாக உண்ணும் செடி. அதனால் அதன் அடிமண்ணில் உர வில்லைகளைப் புதைத்தேன். தொட்டிக்குள் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்த மறக்காதீர்கள்.

கெட்டுப்போன இலை மறுபடி தேறாது. புதுத் துளிரைத்தான் பார்க்க வேண்டும். ஆறாவது வாரம் நான் வீடு திரும்பியபோது அப்பா நாற்காலியைத் தொட்டிக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டிருந்தார்.

"ஏழு" என்றார் என்னைப் பார்த்ததும். அடியில் விட்டிருந்த புது இலைகளின் கணக்கு அது.