நரேனின் மஞ்சள் கார் உங்கள் மேஜையில்!

புதிதாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிய வீடுகளில் முதல் இரண்டு மாதம் பிரிண்டருக்கு ஓய்வே இருக்காது. கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பிராஜக்ட், சாமி படம் என்று வண்ணம் வண்ணமாக அச்சாகும். பிறகு ஹால் டிக்கெட்டுக்கும் ஆதார் நகலுக்கும் மட்டும் அதன் உறையைக் கழற்றுவோம். இங்க்ஜெட் பிரிண்டரைப் பல வாரம் தொடாமல் வைத்தால் இங்க் காய்ந்து நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். ஆகவே அதற்கு ஒரு நல்ல வேலை கொடுப்போம். ஒரு ரேஸ் காரை அளவு பிசகாமல் சிறிதாக்கி, காகிதத்தில் அச்சிட்டு, வெட்டி ஒட்டி நிறுத்தப் போகிறோம்.

எந்தக் கார்? பெராரி, லோட்டஸ் என்று உலகம் முழுக்கச் செய்து பார்த்த கார்கள் ஏராளம். நம் தேர்வு ஜோர்டான் இஜே15. 2005-ல் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஓட்டிய, 19 என்ற எண் தாங்கிய மஞ்சள் கார். பார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர்தான். அந்த ஆண்டு மார்ச் 6-ம் தேதி ஆஸ்திரேலியாவில் முதல் பந்தயம், 15-வது இடம். ஜூன் 19-ம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் 4-வது இடமும் 5 புள்ளிகளும் கிடைத்தன.

அந்தப் பந்தயத்தைக் கிண்டல் செய்பவர்கள் இன்றும் உண்டு. மிச்சலின் டயர் பூட்டிய 14 கார்கள் பாதுகாப்புக் காரணத்தால் விலகிக்கொள்ள, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்கள் மட்டுமே ஓடின என்பது உண்மைதான். ஆனால் தன் காரைக் கடைசிச் சுற்று வரை கொண்டுபோய்ச் சேர்த்தவருக்குத்தானே புள்ளி! ஜோர்டான் என்ற பெயரில் அந்த அணி ஓடிய கடைசி ஆண்டும் அதுவே. 2006-ல் மிட்லண்ட், 2007-ல் ஸ்பைக்கர், 2008-ல் போர்ஸ் இந்தியா என்று கைமாறி, 2021-ல் அது ஆஸ்டன் மார்ட்டின் ஆனது. 3 லிட்டர் வி10 என்ஜின் காலமும் அந்த ஆண்டோடு ஏறக்குறைய முடிந்தது. 20 ஆண்டு தாண்டிவிட்ட இந்தக் காரைப் 'பழைய கிளாசிக்' வரிசையில் சேர்ப்பதில் தவறில்லை.

இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் இங்க். உங்கள் பிரிண்டரில் உள்ள நான்கு வண்ணங்களில் மஞ்சள் ஒன்று. கலவை அதிகம் தேவைப்படாததால் நிறம் திட்டுத் திட்டாக விழாது.

அளவு எங்கே கிடைக்கும்?

கார் கம்பெனியின் வரைபடம் நம் கைக்கு வராது. கவலை வேண்டாம். பந்தய விதிமுறைகளே நமக்கு அளவுகோல். 2005 விதிப்படி காரின் மொத்த அகலம் 1800 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. சக்கரத்தின் விட்டம் டயரோடு சேர்த்து அதிகபட்சம் 660 மி.மீ. முன் டயரின் அகலம் அதிகபட்சம் 355, பின் டயர் 380. முன் இறக்கை 1400, பின் இறக்கை 1000. எந்த அணியும் இந்த எல்லையை ஒட்டித்தான் கார் கட்டும். இடத்தை வீணாக்க மாட்டார்கள்.

இனி அளவு விகிதம். 1:24, 1:20, 1:18 என்று பல உண்டு. நமக்கு 1:20 வசதி. எல்லாவற்றையும் 20-ஆல் வகுத்தால் போதும். அகலம் 90 மி.மீ., சக்கரம் 33, முன் இறக்கை 70, பின் இறக்கை 50, பின் டயரின் அகலம் 19. விண்டோஸ் கால்குலேட்டர்கூட வேண்டாம், மனக்கணக்கே போதும்.

மற்ற அளவுகளைப் போட்டோவிலிருந்து எடுக்கலாம். இணையத்தில் தேடி, காரை நேர் பக்கவாட்டில் தொலைவிலிருந்து எடுத்த படம் ஒன்றை டவுன்லோட் செய்யுங்கள். பிறகு இங்க்ஸ்கேப் என்ற சாப்ட்வேரை நிறுவிக்கொள்ளுங்கள். இது முற்றிலும் இலவசம். பெயின்ட்டில் வரையக் கூடாதா என்று கேட்கலாம். பெயின்ட் புள்ளிகளால் படம் வரைகிறது, இங்க்ஸ்கேப் கோடுகளை மி.மீ. கணக்கில் வரைகிறது. நமக்கு வேண்டியது இரண்டாவது.

இங்க்ஸ்கேப்பில் பைல் மெனுவில் டாக்குமென்ட் ப்ராபர்ட்டீஸ் சென்று, தாளின் அளவு ஏ4, அலகு மி.மீ. என்று இருக்கிறதா பாருங்கள். அடுத்து எடிட் மெனுவில் ப்ரிபரன்சஸ், அதில் டூல்ஸ். அங்கே பவுண்டிங் பாக்ஸ் என்ற இடத்தில் 'ஜியோமெட்ரிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் கோட்டின் தடிமனையும் சேர்த்து அளவு காட்டும். 33 மி.மீ. வட்டம் 1 மி.மீ. தடிமன் கோட்டோடு 34 என்று தெரியும். நீங்கள் அதை 33 ஆக்கினால் சக்கரம் சிறுத்துவிடும்.

இப்போது 33 மி.மீ. வட்டம் ஒன்று வரையுங்கள். போட்டோவை இம்போர்ட் செய்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி அதன் மூலையை இழுத்து, படத்தில் உள்ள டயர் அந்த வட்டத்துக்குள் சரியாக அடங்கும்வரை சிறிதாக்குங்கள். அவ்வளவுதான், முழுக் காரும் 1:20-க்கு வந்துவிட்டது. அதே வட்டத்தை நகர்த்தி மற்ற சக்கரத்தின் மேலும் வைத்துப் பாருங்கள். இரண்டு டயரும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரிந்தால் படம் சாய்வாக எடுக்கப்பட்டது என்று பொருள். அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு வேறு தேடுங்கள். படத்தை ஒரு லேயரில் பூட்டி வைத்து, அதன்மேல் வேறு லேயரில் பென் டூலால் கோடு வரையுங்கள்.

சாய்வான பக்கங்கள்

பெட்டிபோன்ற பகுதிகள் எளிது. சாய்ந்து குறுகும் பகுதிகளில்தான் புதியவர்கள் திணறுவார்கள். காரின் பக்கவாட்டுப் பெட்டி பின்னால் போகும்போது உள்நோக்கி ஒடுங்குகிறது. மேலிருந்து பார்த்தால் நீளம் 12 மி.மீ., உள்ளே ஒடுங்குவது 5 மி.மீ. என்று வையுங்கள். அந்தப் பக்கக் காகிதத்தை 12 மி.மீ. நீளத்துக்கு வெட்டினால் எட்டாது. பள்ளியில் படித்த பிதாகரஸ் இங்கே வருகிறார்: 12-ன் வர்க்கம் 144, 5-ன் வர்க்கம் 25, கூட்டினால் 169, வர்க்கமூலம் 13. ஆக 13 மி.மீ. வெட்ட வேண்டும். மூக்குப் பகுதி நீளமானது, மெல்லச் சரிவது. அங்கே இந்த வித்தியாசம் அரை மி.மீ.கூட வராது. விட்டுவிடலாம்.

வளைவுகள் கூடிய முழு மாடலையும் முப்பரிமாணத்தில் செய்ய விரும்புவோருக்கு பிளெண்டர் இருக்கிறது, அதுவும் இலவசம். மாடலைத் தட்டையாக விரித்துக் காகித வடிவமாக்கும் வசதியும் அதற்கு உண்டு. ஜப்பானின் பெப்பகுரா இதற்கென்றே செய்த சாப்ட்வேர்; ஆனால் பணம் கட்டினால்தான் வேலையைச் சேமிக்கலாம். முதல் காருக்கு இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. இங்க்ஸ்கேப்பில் கையால் விரித்து வரைந்தால்தான் எந்த மடிப்பு எங்கே போகிறது என்று புரியும்.

ஒவ்வொரு ஓரத்திலும் ஒட்டுவதற்கு 4 மி.மீ. காது விட மறக்காதீர்கள்.

அச்சிடும்போது கவனம்

பைலை பிடிஎப் ஆகச் சேமியுங்கள். அடோப் ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது 'பிட்' என்பது தேர்வாகியிருந்தால், தாளின் ஓரத்துக்கு இடம் விட்டு முழுப் படத்தையும் அது சுருக்கிவிடும். 'ஆக்சுவல் சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் சாதாரணத் தாளில் 100 மி.மீ. கோடு ஒன்றைக் குறுக்கிலும் ஒன்றை நெடுக்கிலும் அச்சிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டுமே 99 வந்தால், கஸ்டம் ஸ்கேலில் 101 சதவீதம் கொடுங்கள்.

காகிதம் 160 முதல் 200 ஜிஎஸ்எம் வரை இருக்கலாம். நகல் எடுக்கும் தாள் 75 அல்லது 80 ஜிஎஸ்எம்தான், அது நிற்காது. உங்கள் பிரிண்டர் தடித்த தாளை இழுக்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இழுக்காவிட்டால் பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ டிடிபி கடையில் கொடுக்கலாம். ஆனால் ஒன்று: காரின் மேல் தமிழில் பெயர் எழுதியிருந்தால், கடைக்குக் கொண்டுபோகும் முன் அந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்துவிடுங்கள். எழுத்து படமாகிவிடும். இல்லையேல் உங்கள் பாண்ட் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாதபோது கொம்பும் காலும் இடம் மாறி, கட்டம் கட்டமாக நிற்கும்.

டயர்: அம்பை போய் வரலாம்

காகிதத்தில் டயர் செய்வதென்றால், 33 மி.மீ. விட்டத்துக்கு 103.7 மி.மீ. நீளப் பட்டை வேண்டும், ஒட்டுவதற்கு 5 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு டயரையும் பிரிண்டரில் கருப்பாக அடித்தால் இங்க் வீணாகும். கருப்புச் சார்ட் அட்டையில் வெட்டுவது மேல். அட்டையை வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் எளிதாகச் சுருள்கிறதோ அந்தப் பக்கமாகப் பட்டையை எடுங்கள்.

நெல்லைக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. செங்கோட்டை ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி தாண்டி அம்பாசமுத்திரம். மரச் சொப்புக்குப் பேர்போன ஊர். குட்டி அம்மியும் ஆட்டுக்கல்லும் கடைந்து தருகிற கடைசல் பட்டறையில் ரேஸ் கார் சக்கரம் ஒன்றும் பெரிய வேலை இல்லை. மரம் சுழலும்போதே அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். கருப்பு அரக்கு ஏறிய மரச் சக்கரத்தின் மினுமினுப்பு எந்த அச்சிலும் வராது. பிளாஸ்டிக் பொம்மை வந்தபின் சொப்பு விற்பனை சுருங்கிய அந்தத் தொழிலுக்கு, நான்கு சக்கரமானாலும் புது மாதிரி ஆர்டர்தானே.

ஆனால் வாயால் அளவு சொல்லாதீர்கள். நாம் மி.மீ. சொல்வோம், பட்டறையில் அங்குலமும் நூலும் பேசுவார்கள். ஓர் அங்குலத்துக்கு 8 நூல், ஒரு நூல் 3.175 மி.மீ. பின் டயரின் அகலம் 19 மி.மீ. கிட்டத்தட்ட அச்சாக 6 நூல். நல்லவேளை! ஆனால் 33 மி.மீ. விட்டம் பத்து நூலுக்கும் கொஞ்சம் கூட. "கொஞ்சம் கூட" என்று சொன்னால் நான்கு சக்கரமும் நான்கு அளவில் வரும். அதனால் சக்கரத்தின் பக்கத் தோற்றத்தையும் முகத் தோற்றத்தையும் நேர் அளவில் அச்சிட்டு, தடித்த அட்டையில் ஒட்டி, உள்வட்டத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். சக்கரம் அந்த ஓட்டையில் நுழைந்தால் சரி. "அண்ணாச்சி, இந்த ஓட்டைக்குள்ள ஆடாம போகணும்" என்று அட்டையைக் கொடுத்தால் அவருக்கு விளங்கிவிடும். நடுவில் 3 மி.மீ. துளையும் கேளுங்கள், அச்சுக்கு மூங்கில் குச்சி செருகலாம்.

இன்னொரு நுணுக்கம்: 1998 முதல் 2008 வரை பார்முலா 1 டயர்களில் வரிகள் கட்டாயம். 2005 டயரில் நான்கு வரிகள். ஒவ்வொன்றும் 14 மி.மீ. அகலம், மையத்துக்கு மையம் 50 மி.மீ. நம் கணக்கில் 0.7 மி.மீ. வரி, 2.5 மி.மீ. இடைவெளி. காகிதத்தில் இதை வெள்ளைக் கோடாகத்தான் காட்ட முடியும். கடைசலில் உளி நுனியை நான்கு இடத்தில் தொட்டாலே நிஜப் பள்ளம் விழுந்துவிடும்.

ஒட்டுவோம்

மடிக்கும் கோடுகளை இங்க் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறிய பிறகு மடியுங்கள். வெட்டிய ஓரங்களில் வெள்ளை தெரியும். அதே நிற ஸ்கெட்ச் பேனாவை ஓட்டிவிட்டால் மறைந்துவிடும். பெவிக்காலைக் குச்சி நுனியில் மெல்லியதாகத் தடவுங்கள். அதிகமானால் காகிதம் ஊறி நெளியும். முதலில் அடித்தட்டை இரண்டு அட்டை சேர்த்து ஒட்டி, மேலே புத்தகம் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். அடித்தட்டு வளைந்தால் பிறகு நான்கு சக்கரமும் தரையைத் தொடாது. அதன்மேல் ஓட்டுநர் தொட்டி, பக்கப் பெட்டிகள், என்ஜின் மூடி, மூக்கு, கடைசியாக இறக்கைகள்.

சக்கரத்தையும் உடலையும் இணைக்கும் கம்பிகளுக்குக் காகிதம் தாங்காது. தென்னை ஈர்க்கின் மெல்லிய நுனிப்பகுதி 1 மி.மீ. இருக்கும், கருப்பு பெயின்ட் அடித்தால் நிஜக் கார்பன் கம்பி மாதிரியே தெரியும். பத்தமடைப் பாயில் இருந்து உதிரும் கோரையும் ஆகும். ஆனால் அது தட்டையாக இருப்பதால் பின் இறக்கைத் தாங்கிக்குத்தான் பொருத்தம்.

நிறம் மாற்ற நினைப்பவர்கள் இங்க்ஸ்கேப்பில் உடல் லேயரைத் தேர்ந்தெடுத்து ஒரு கிளிக்கில் மஞ்சளை நீலமாக்கலாம், எண்ணை மாற்றலாம், இறக்கையில் உங்கள் ஊர்ப் பெயரைப் போடலாம். மாற்றும் முன் பைலை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். 19-ம் எண் கார் வேறொரு நாளைக்கு மறுபடி வேண்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது ஒட்டினால் காய இரட்டிப்பு நேரம் ஆகும். முடித்த காரை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். ஜன்னலோர வெயில் மட்டும் வேண்டாம். இங்க் வெளுத்துவிடும், சித்திரை வெயில் சூட்டில் அரக்கு டயரும் மெல்ல இளகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.